பெயர் உள்ள முனை

மணி பன்னிரண்டு ஐம்பது. மதியம் கடை அடைக்கப் பத்து நிமிடம் இருந்தது. மூக்கு சிவந்த ஒரு பெண் சளிக்கு இரண்டு மாத்திரை கேட்டாள். மூன்றாவது தட்டில் கைவிட்டு, ஏற்கெனவே வெட்டியிருந்த அட்டையை எடுத்தேன்.

கத்தரிக்கோல் மழுங்கியிருந்தது. பிடிமானத்துக்காக அட்டையைத் திருப்பினேன். பெயர் உள்ள முனை என் பக்கம் வந்தது.

அது சளி மாத்திரை இல்லை. சுகர் மாத்திரை.

எண்ணினேன். ஆறு. முழு அட்டையில் பத்து இருக்கும். நான்கு போயிருக்கிறது.

"என்னக்கா, இல்லையா?" என்றாள் அந்தப் பெண்.

"இருக்கு." பிரிக்காத புது பாக்கெட்டைப் பிரித்து, பெயரை இரண்டு முறை படித்து, இரண்டு மாத்திரை வெட்டிக் கொடுத்தேன். கத்தரிக்கோலை மேஜையில் வைத்தேன். அவள் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கினேன்.

எங்கள் கடையில் ஒரு பழக்கம். பெயர் இல்லாத முனையிலிருந்துதான் அட்டையை வெட்டுவோம். கடைசித் துண்டு விற்கும்வரை பெயரும் தேதியும் கடையில் இருக்க வேண்டும். நான் கொண்டுவந்த பழக்கம்தான். இந்த இரண்டு மாத்திரையும் ஒரே கம்பெனி. இரண்டுக்கும் முன்னும் பின்னும் வெள்ளித் தகடு. பிரித்தால்தான் நிறம் தெரியும். பெயரை அட்டை முழுக்க அடிக்காமல் ஒரு முனையில் மட்டும் அடிப்பார்கள். மையை மிச்சம் பிடித்தே பணக்காரர் ஆனவர்கள் என்று கொழுந்தன் கிண்டல் செய்வான்.

சுகர் இல்லாத ஒருவர் அந்த மாத்திரையைச் சாப்பிட்டால், இரண்டு மூன்று மணி நேரத்தில் ரத்தத்தில் சர்க்கரை விழும். வேர்க்கும். பேச்சு குழறும். பிறகு தூக்கம் மாதிரி ஒன்று வரும். அது தூக்கம் இல்லை.

சளி மாத்திரை வாங்கும் எல்லோரிடமும் நான் ஒன்று சொல்வேன். "தூக்கம் வரும். பயப்படாதீங்க. நல்லா தூங்குங்க."

இன்று காலையும் சொல்லியிருப்பேன்.

கொழுந்தன் உள்ளே சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என் கணவரின் தம்பி. கணவர் கப்பலில் வேலை. வருடத்தில் இரண்டு மாதம்தான் வீட்டில் இருப்பார். கடையில் நானும் இவனும் மட்டும். தெருவில் இவனுக்கு வானொலி என்று பெயர். நாற்பது வயதாகிறது, வாய் மட்டும் ஓயவில்லை.

அட்டையை அவன் முன் வைத்தேன்.

"இதை யார் சளி மாத்திரை தட்டுல வச்சது?"

அவன் படித்தான். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது.

"நான் இல்லை அண்ணி."

"வேற யாரு?"

"திரும்பி வர்ற அட்டையை என்னைத் தொடவிடுவீங்களா நீங்க? 'நீ பேசிக்கிட்டே மாத்தி வச்சிடுவே'ன்னு போன வருஷமே எடுத்துட்டீங்க அந்த வேலையை."

உண்மை. நேற்று மாலை, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒரு முழு அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். டாக்டர் அளவைக் குறைத்துவிட்டாராம். அப்போது போன் அடித்தது. கணவர். கப்பலிலிருந்து லைன் கிடைப்பது அபூர்வம். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அட்டையை வைத்தேன். நான்காவது தட்டில் வைக்க வேண்டியது. மூன்றாவதில் வைத்திருக்கிறேன்.

காலையில் அதை வெட்டியதும் நான்தான். கொழுந்தன் எடுத்துத் தரும் அட்டையை இரண்டு முறை படிப்பேன். இது நான் வைத்தது. படிக்கவில்லை.

"காலையிலேருந்து சளி மாத்திரை யார் யார் வாங்கினாங்க?"

"பில்லு போட்டிருந்தா..."

"சில்லறை மாத்திரைக்கு நாம எங்க பில்லு போடுறோம்? யோசி. பேசினே இல்ல எல்லார்கிட்டயும்? இப்பப் பேசு."

அவன் கண்ணை மூடினான். அவன் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

"தையல்கார அக்கா. ஒன்பது மணி இருக்கும். அப்புறம் ஒரு ஆளு. காக்கிச் சட்டை. கையில டார்ச்சு. விடிஞ்ச பிறகு என்ன சார் டார்ச்சு, சூரியனைத் தேடுறீங்களான்னு கேட்டேன். அவரு சிரிச்சாரு, இருமல் வந்துடுச்சு. ரெண்டே பேருதான்."

எனக்கும் நினைவு வந்தது. டார்ச்சு. இருமல். ஒன்பதே முக்கால். அவரை இதற்கு முன் பார்த்ததில்லை.

தையல்காரிக்குப் போன் செய்தேன். ஐந்து முறை அடித்தபின் எடுத்தாள்.

"சொல்லுங்க, வாயில ஊசி இருக்கு."

"காலையில வாங்கின மாத்திரை எத்தனை?"

"ரெண்டு. ஒண்ணு போட்டாச்சு. ஏன்?"

"இன்னொண்ணைப் பிரிங்க. இப்பவே. என்ன நிறம்?"

"என்ன பாத்ரூம் டைல்ஸா போடப்போறீங்க, நிறம் கேக்குறீங்க?"

"பிரிங்கன்னு சொல்றேன்ல."

என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். மறுபக்கம் தையல் மிஷின் நின்றது. தகடு கிழியும் சத்தம்.

"மஞ்சள்."

"சரி. ஒண்ணும் இல்லை. அதைச் சாப்பிடலாம்." வைத்துவிட்டேன்.

சுகர் மாத்திரை வெள்ளை. அப்படியானால் நான்கும் டார்ச்சுக்காரரிடம். ராத்திரி வேலை முடிந்து வந்தவர். மாத்திரை போட்டுவிட்டுத் தூங்கியிருப்பார். பகல் முழுக்கத் தூங்குகிற ஆளை யாரும் எழுப்ப மாட்டார்கள்.

மூன்று மணி நேரம் ஆகிவிட்டது.

"எங்க வேலைன்னு சொன்னாரா?"

கொழுந்தன் சுவரில் மாட்டியிருந்த என் லைசென்சைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் என் போட்டோ. இருபத்து நான்கு வயது.

"அண்ணி, ஒண்ணு சொல்றேன், கோபப்படாதீங்க. அந்தத் துண்டுல பேரே இல்லை. எந்தக் கடையில வாங்கினதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. என்ன மாத்திரைன்னுகூட சொல்ல முடியாது. அவரு ஒண்ணுதான் போட்டிருப்பாரு. முழிச்சுக்குவாரு. நாம போய் நின்னா... கடையே போயிடும். அண்ணனுக்கு என்ன சொல்வீங்க?"

நான் அதை நினைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். அட்டையைப் படித்த அந்த நொடியே நினைத்தேன். வெட்டு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்றுகூடப் பார்த்தேன்.

"எங்க வேலைன்னு சொன்னாரா, இல்லையா?"

அவன் டப்பாவை மூடினான்.

"ஆறு மாடி கட்டுறாங்களே, அங்க வாட்ச்மேன்."

சர்க்கரை பார்க்கும் மெஷினை எடுத்தேன். ஊசி. குளுக்கோஸ் பாக்கெட் இரண்டு. ஆறு மாத்திரை உள்ள அட்டையை வெள்ளைக் கோட்டுப் பையில் போட்டேன். மூன்றாவது தட்டைக் கவிழ்த்து, இருந்ததையெல்லாம் ஒரு பையில் கொட்டிக் கட்டினேன். ஷட்டரைப் பூட்டினோம். கொழுந்தன் ஸ்கூட்டரை எடுத்தான்.

*

கட்டட வாசலில் பகல் வாட்ச்மேன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு கால் உடைந்து, அதற்குப் பதில் செங்கல். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். என் கோட்டைப் பார்த்தார்.

"இன்ஜினியர் மேடமா? சார் சாப்பிடப் போயிருக்காரு."

"ராத்திரி வாட்ச்மேன் வீடு எங்க இருக்கு?"

"எதுக்கு?"

"அவசரம்."

"பேரு?"

"தெரியாது."

"பேரே தெரியாது, வீடு மட்டும் வேணுமா?" அவர் மறுபடி உட்கார்ந்தார். "என்னைக் காவலுக்கு வச்சிருக்காங்கம்மா. வழி சொல்றதுக்கு இல்லை."

"இருமிக்கிட்டே இருப்பாரு," என்றான் கொழுந்தன். "கையில பெரிய டார்ச்சு. உசரம்."

"ஓ, ஆந்தையா." அவர் முகம் தளர்ந்தது. "அது ராத்திரிப் பறவை. இப்ப போனா கிடைக்காது. ஆறு மணிக்கு வாங்க, தானா பறந்து வரும்."

"போன் நம்பர் இருக்கா?"

"இருக்கு. பகல்ல ஆஃப் பண்ணி வச்சிடும். நானே ஒரு தடவை தண்ணி டேங்க் வழியுதுன்னு கூப்பிட்டு..."

"அண்ணே." நான் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்தேன். "அவரு காலையில தப்பான மாத்திரை சாப்பிட்டிருக்காரு. இப்ப மயக்கத்துல இருக்கலாம்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து கையை நீட்டினார்.

"தண்ணித்தொட்டிக்குப் பின்னாடி ரெண்டாவது சந்து. நீல கேட். மாடி. அவங்க அக்கா இருப்பாங்க. ஓடுங்க." நாங்கள் கிளம்பியபின் கத்தினார்: "அக்காவைத் தாண்டுறதுதான் கஷ்டம்!"

*

நீல கேட்டில் ஒரு அட்டை தொங்கியது. கையெழுத்து பெரிது பெரிதாக: பகலில் தட்டாதீர்கள். அழைப்புமணியின் ஒயரைப் பிடுங்கி முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

கேட்டைத் திறந்தோம். கீலுக்கு எண்ணெய் போட்டிருந்தது, சத்தமே இல்லை. மாடிப்படியின் பாதியில் ஒரு பெண் உட்கார்ந்து செய்தித்தாளில் இருந்த குறுக்கெழுத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். விரலை உதட்டில் வைத்தார்.

"உஷ்."

"அக்கா, உங்க தம்பி..."

"மெதுவா." அவர் பேசியது மூச்சுதான், குரல் இல்லை. "தூங்குறான். என்ன வேணும்?"

"அவரைப் பாக்கணும்."

"ஆறு மணிக்கு."

"இப்ப பாக்கணும்."

"இங்க பாருங்க." பேனாவைக் காதில் செருகினார். "வருஷக்கணக்கா நான் இந்தப் படியில உக்காந்திருக்கேன். பால்காரர்கூட பாக்கெட்டை மெதுவா வச்சிட்டுப் போவாரு. பக்கத்து வீட்டு நாய்கூட என்னைக் கண்டா குரைக்காது. நீங்க யாரு?"

"மருந்துக்கடையிலேருந்து வர்றோம்," என்றான் கொழுந்தன், அவனும் மூச்சுக்குரலில். எனக்கு முன்னால் ஒரு படி ஏறி நின்றான். "காலையில தம்பி வாங்கின மாத்திரை இருக்குல்ல, அந்த லாட்டைக் கம்பெனி திரும்பக் கேட்டிருக்கு. சும்மா ஒரு இது. மாத்திக் கொடுத்துட்டுப் போயிடுறோம்."

என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் அவனை மறுக்கவில்லை. கதவு திறந்தால் போதும் என்றிருந்தது.

"அவ்வளவுதானா? எழுந்ததும் நானே கொண்டுவந்து தர்றேன். போயிட்டு வாங்க."

அவர் குறுக்கெழுத்துக்குத் திரும்பினார்.

"அவரு எத்தனை மணிக்குத் தூங்கினாரு?" என்று கேட்டேன்.

"பத்துக்கு. ராத்திரி ஒண்ணும் சாப்பிடலை, தொண்டை வலின்னு. காலையிலயும் வேண்டாம்னுட்டான். மாத்திரையைப் போட்டுக்கிட்டுப் படுத்துட்டான். நல்ல மாத்திரைங்க அது. அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறான். நடுவுல என்னமோ உளறினான். சட்டையெல்லாம் நனைஞ்சு வேர்த்துது. சளி இறங்குதுன்னு ஃபேனைக் கூட்டி வச்சிட்டு வந்தேன்."

"எப்ப?"

"பன்னிரண்டு இருக்கும்."

அதன்பின் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது.

"அது சளி மாத்திரை இல்லை," என்றேன்.

"என்னது?"

"நான் மாத்திக் கொடுத்துட்டேன். சுகர் மாத்திரையைக் கொடுத்துட்டேன்." என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. மேலே ஃபேன் சத்தம் மட்டும் இருந்தது. "என் தப்பு. கம்பெனி தப்பு இல்லை. அவரு தூங்கலை அக்கா. மயங்கிக் கிடக்குறாரு. என்னை உள்ள விடுங்க."

பேனா காதிலிருந்து விழுந்து படிப்படியாக உருண்டது. அது கீழே போய்ச் சேர்வதற்குள் அவர் மேலே ஓடிவிட்டிருந்தார்.

*

அறை இருட்டு. ஜன்னலில் கறுப்புத் துணியை ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். கொழுந்தன் அதை ஒரே இழுப்பில் பிய்த்தான்.

அவர் கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தார். காக்கிச் சட்டை ஆணியில். பனியன் உடம்போடு ஒட்டியிருந்தது. தலையணை நனைந்திருந்தது. அக்கா அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார். அவர் தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. கண் திறக்கவில்லை.

விரலைப் பிடித்தேன். ஜில்லென்று இருந்தது. குத்தினேன். ரத்தம் வரவில்லை. இன்னொரு விரல். மெஷின் ஐந்து நொடி எடுத்துக்கொள்ளும். கடையில் அந்த ஐந்து நொடியில் இரண்டு வார்த்தை பேசுவேன்.

முப்பத்து ஒன்று. எழுபதுக்குக் கீழே போகக் கூடாது.

"ஆம்புலன்ஸ்," என்றேன். கொழுந்தன் ஏற்கெனவே போனில் இருந்தான். தண்ணித்தொட்டி, ரெண்டாவது சந்து, நீல கேட், வண்டி சந்துக்குள்ள வராது, முனையில நான் நிப்பேன், மஞ்சள் சட்டை. ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அக்கா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் வாயருகே நீட்டினார். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஊத்தாதீங்க. மூச்சுக்குழாய்க்குப் போயிடும்."

"நாக்கு வறண்டு கிடக்கே!"

"ஊத்தாதீங்க."

"கையை விடு." இப்போது என்னை நீங்க என்று அவர் சொல்லவில்லை. "கொடுக்கக் கூடாததைக் கொடுத்தவ நீ. நான் தண்ணி கொடுக்கக் கூடாதா?"

நான் கையை விடவில்லை. தண்ணீர் இரண்டு பேர் மேலும் சிந்தியது. கடைசியில் அவர் சொம்பைத் தரையில் வைத்தார்.

குளுக்கோஸ் பொடியை உள்ளங்கையில் கொட்டி, சொம்பில் விரலை நனைத்துக் குழைத்தேன். பசை மாதிரி வந்தது. அவரை நன்றாகப் பக்கவாட்டில் திருப்பி, கீழ்க்கன்னத்தின் உள்ளே, ஈறில் தடவினேன். கொஞ்சம். காத்திருந்தேன். மறுபடி கொஞ்சம். அக்கா அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் இருவரின் நெற்றியும் இடிக்கிற தூரத்தில் இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஜன்னல் திட்டில் டார்ச்சு இருந்தது. அதற்கடியில் மாத்திரைத் துண்டு. எட்டிப் பார்த்தேன். இரண்டு குழி காலி. இரண்டு இருந்தது.

"ரெண்டு போட்டாரா?"

"ஒண்ணு என் உடம்புக்குப் பத்தாதுன்னான்," என்றார் அக்கா. "எப்பவும் அப்படித்தான் சொல்வான்."

ஆறு நிமிடம் கழித்து மறுபடி குத்தினேன். நாற்பத்து நான்கு. ஈறில் மறுபடி தடவினேன். அப்போது அவர் தாடை அசைந்தது. என் விரலைக் கடித்தார். நன்றாகவே கடித்தார். நான் விரலை எடுக்கவில்லை.

"கடிக்கிறாரு," என்றேன். எனக்கு அழுகை வந்தது. "அக்கா, கடிக்கிறாரு."

கண் பாதி திறந்தது. ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்து மூடிக்கொண்டது.

"யாரு துணியை எடுத்தது?" என்றார். நாக்கு குழறியது. "மணி ஆறாயிடுச்சா?"

"இல்லைடா," என்றார் அக்கா. "முழிச்சிரு. தூங்கினே, அறைவேன்."

சந்தின் முனையில் சைரன் கேட்டது. அதற்கும் மேலாகக் கொழுந்தனின் குரல்.

*

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, டிரிப்ஸ் ஏற்றினார்கள். அரை மணி நேரத்தில் அவர் எழுந்து உட்கார்ந்து, தன் செருப்பு எங்கே என்று கேட்டார். நர்ஸ் சர்க்கரை பார்த்தார். நூற்றுப் பத்து. சர்க்கரை இறங்கியதை மட்டும்தான் அதுவரை அங்கே சொல்லியிருந்தேன்.

டூட்டி டாக்டர் இளைஞர். அவர் கண்ணிலும் தூக்கம் இருந்தது.

"சாப்பிடாம இருந்தீங்களா?" என்று கேட்டார்.

"ராத்திரியிலேருந்து," என்றார் வாட்ச்மேன்.

"வெறும் வயிறு, காய்ச்சல், ராத்திரி முழிப்பு. இறங்கத்தான் செய்யும். இந்தப் பாட்டில் முடிஞ்சதும் வீட்டுக்குப் போகலாம். நல்லா சாப்பிட்டுத் தூங்குங்க."

அக்கா என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மூடிக்கொண்டு, நானே சொல்கிறேனா என்று காத்திருந்தார்.

கொழுந்தன் என் முழங்கையைத் தொட்டான்.

அந்த மாத்திரை நாளைக் காலைவரை வேலை செய்யும். டிரிப்ஸ் நின்றால் மறுபடி இறங்கும். வீட்டில், துணி மாட்டிய அறையில், நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும்போது இறங்கும். அக்கா படியில் உட்கார்ந்திருப்பார்.

"அனுப்பாதீங்க டாக்டர்," என்றேன். "சும்மா இறங்கலை."

கோட்டுப் பையிலிருந்து அட்டையை எடுத்து அவர் மேஜையில் வைத்தேன். பெயர் உள்ள முனை அவர் பக்கம்.

"இதுல ரெண்டு போட்டிருக்காரு. பத்து மணிக்கு. சளி மாத்திரைன்னு நினைச்சுக் கொடுத்தேன். என் கடை."

அவர் அட்டையைப் படித்தார். தூக்கம் போய்விட்டது. நர்ஸைக் கூப்பிட்டு, டிரிப்ஸை நிறுத்தக் கூடாது, மணிக்கொரு முறை சர்க்கரை பார்க்க வேண்டும், நாளைக் காலைவரை பெட்டை விட்டு இறக்கக் கூடாது என்றார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"நீங்க பார்மசிஸ்டா?"

"ஆமா."

"இதை நான் ஃபைல்ல எழுதணும். எழுதினா விசாரணைக்கு வருவாங்க. தெரியுமில்ல?"

"தெரியும்."

"கடைப் பேரு சொல்லுங்க."

சொன்னேன். பேனா எழுதும் சத்தம் கேட்டது. கொழுந்தன் வராந்தாவுக்குப் போய்விட்டான். கண்ணாடி வழியாக அவன் முதுகு தெரிந்தது.

டாக்டர் பெயரையும் அளவையும் எழுதிக்கொண்டு அட்டையைத் திருப்பித் தந்தார்.

வாட்ச்மேன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார்.

"சூரியனைத் தேடுறீங்களான்னு கேட்ட ஆளு எங்க?" என்றார்.

"வெளியில."

"தமாஷான ஆளு." கொஞ்சம் யோசித்தார். "என் விரல்ல எத்தனை ஓட்டை போட்டீங்க?"

"மூணு."

"நான் கடிச்சேனாமே."

"ஆமா."

"கணக்கு சரியாப் போச்சு," என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். இருமல் வந்துவிட்டது.

"ஒண்ணும் சரியாப் போகலை," என்றார் அக்கா. இங்கேயும் மூச்சுக்குரல்தான். பழக்கம்.

கட்டிலின் மறுபக்கத்திலிருந்து எழுந்து என்னிடம் வந்தார். வலது கையை மூடியிருந்தார். வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து அந்தக் கை மூடியேதான் இருந்தது, ஆம்புலன்ஸில் கவனித்தேன். விரித்தார். ஜன்னல் திட்டில் இருந்த துண்டு. இரண்டு குழி காலி, இரண்டு மாத்திரை. வியர்வையில் தகடு மங்கியிருந்தது.

"இதை நான் தரமாட்டேன்."

"தர வேண்டாம்."

"கேக்குறவங்ககிட்ட காட்டுவேன்."

"காட்டுங்க." என் கையிலிருந்த ஆறு மாத்திரை அட்டையை நீட்டினேன். "இதையும் வச்சுக்குங்க. அதுல பேரு இல்லை. இது இல்லாம அது என்னன்னு யாருக்கும் தெரியாது."

அவர் உடனே வாங்கவில்லை. என்ன தந்திரம் என்று பார்ப்பது போல என் முகத்தைப் பார்த்தார். பிறகு வாங்கி, இரண்டு துண்டையும் கட்டில் விளிம்பில் வைத்துச் சேர்த்தார். கத்தரி மழுங்கிய இடத்தில் வெட்டு சற்று வளைந்திருந்தது. அந்த வளைவோடு வளைவு சரியாகப் பொருந்தியது. கைப்பையின் உள்பக்க ஜிப்பைத் திறந்து இரண்டையும் போட்டு மூடினார்.

நான் திரும்பினேன்.

"எங்க போறே?"

நின்றேன்.

"மணிக்கு ஒரு தடவை பாக்கணும்னு சொன்னாரில்ல. அந்தப் பொண்ணு தனியா முப்பது பெட்டைப் பாக்குது. மறந்துட்டா?" காலடியில் இருந்த ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினார். "உன் மெஷின் பையில இருக்குல்ல?"

"இருக்கு."

"உக்காரு. இவனைத் தூங்கவும் விடாதே."

உட்கார்ந்தேன். கடித்த விரல் விண்விண்ணென்று தெறித்தது. மெஷினை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். சுவரில் கடிகாரம் இருந்தது. மணி மூன்று நாற்பது. நான்குக்கு இன்னும் இருபது நிமிடம்.